கள்ளக்குறிச்சியில் கத்தாமல் பேசுவது எப்படி

கள்ளக்குறிச்சி மண்ணில் கால் வைப்பதற்கு முன்பே எனக்குத் திட்டு விழுந்துவிட்டது.

"எம்மா, பொட்டிய இப்படி வழியில போட்டுக்கினு குந்தியிருந்தா ஜனம் எப்படி எறங்கும்? இது இன்னா ஒங்க வூட்டு வாசலா?"

கண்டக்டர்தான். பதறி எழுந்து பெட்டியை இழுத்தேன். அது இருக்கைக் காலில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கடைசியில் அவரே அதை விடுவித்து, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கி, பேருந்து நிலையத்து டீக்கடை பெஞ்சு வரை கொண்டுபோய் வைத்தார். "பத்தரமா பாத்துக்கோங்க, இங்க கூட்டம் ஜாஸ்தி" என்று அதே குரலில் இன்னொரு முறை கத்திவிட்டு, கிளம்பிய பேருந்தின் பின்னால் ஓடித் தொற்றிக்கொண்டார்.

மலேசியாவில் எங்கள் ஈப்போ நகரத்தில் ஒருவர் இந்தச் சத்தத்தில் பேசினால் பக்கத்து வீட்டுக்காரர் போலீசைக் கூப்பிட்டுவிடுவார். இங்கே டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊர் மக்களுக்கு நிதானமாகப் பேசச் சொல்லிக்கொடுக்கத்தான் நான் கடல் கடந்து வந்திருந்தேன்.

அங்கே ஒரு மனநல மருத்துவமனையில் தாதியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மனச்சிதைவு நோய் வந்தவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலையில் பெரும்பங்கு. அந்த நோய் வந்தவர்களுக்கு, யாருமே பேசாதபோதும் காதில் குரல்கள் கேட்கும். தெருவில் போகிறவன் தன்னைத்தான் வேவு பார்க்கிறான் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்படிப்பட்டவரிடம் எதைப் பேசுவது, எப்படிப் பேசுவது, எப்போது சும்மா இருப்பது என்று சொல்லித் தருவேன். ஊசியும் மாத்திரையும் டாக்டர் பாடு. வீட்டுக்குள் பேச்சு எப்படி நடக்கிறது என்பது குடும்பத்தின் பாடு.

என்னை அழைத்தவள் மேகலா. கள்ளக்குறிச்சியில் மனநலத் தொண்டு வேலை பார்க்கிற பெண். ஓர் இணையவழிக் கூட்டத்தில் பழக்கமாகி, "அக்கா, ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னை விமானம் ஏற்றிவிட்டாள். நேரில் பார்த்தால், பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பறக்கும் ஒல்லியான உருவம். என் பெட்டியைக் காலிடுக்கில் வைத்து, என்னைப் பின்னால் உட்காரவைத்து, ஒரு மாட்டு வண்டிக்கும் கரும்பு டிராக்டருக்கும் நடுவே புகுந்து ஓட்டினாள். கண்ணை மூடிக்கொண்டேன்.

"பசியாறிட்டீங்களா?" என்று அவளைக் கேட்டேன். எங்கள் ஊரில் அது, சாப்பிட்டாச்சா என்று கேட்கும் காலை வணக்கம் மாதிரி. அவளுக்குப் புரியவில்லை. "பசியா இருக்குதா அக்கா? வாங்க" என்று ஓர் உணவுக் கடை முன்னால் நிறுத்திவிட்டாள். மறுத்துச் சொல்ல நேரமில்லை. பூரி வந்தது. உருளைக்கிழங்கு மசால் வந்தது. நான் கேட்காத பொங்கலும் வந்தது. பரிமாறியவர், "எந்த ஊருங்க?" என்றார். மலேசியா என்றேன். "அது சரி, சொந்த ஊரு?" தென்னாற்காட்டுப் பக்கம் என்று தாத்தா சொன்னதோடு சரி, ஊர்ப் பேர் தெரியாது என்றேன். அவர் ரொம்பப் பரிதாபப்பட்டு இன்னொரு பூரி வைத்தார்.

பயிற்சி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். வாடகை கம்மி என்று மேகலா பிடித்திருந்தாள். கீழே காதுகுத்து என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "முதல்ல குரலைத் தணிச்சிக்குங்க" என்று நான் சொல்லி முடிக்கவும், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் பிளிறவும் சரியாக இருந்தது. கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் பாதி வேலை முடிந்தது.

வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். முன்வரிசையில் அஞ்சலை. கச்சிராயபாளையத்துப் பக்கம் கரும்பு வெட்டப் போகிற பெண், வாய்த்துடுக்கு. அவள் புருஷனுக்கு நோய் வந்ததிலிருந்து, சோற்றில் என்னவோ கலந்திருக்கிறது என்று வீட்டில் சாப்பிட மாட்டேன் என்கிறானாம்.

"நான் இன்னா பண்றது சிஸ்டரு? புள்ளைங்க மேல சத்தியம் பண்ணேன். சண்ட போட்டேன். அழுதேன். 'பாத்தியா, அதான் அழுவுற'ன்றான்!"

"சண்டை போட்டு அவர் நம்பிக்கையை மாத்த முடிஞ்சுதா?"

"எங்க மாறுது."

"அப்ப அந்த வாதத்தை விட்டுடலாம். விஷம் இருக்குன்னும் சொல்ல வேணாம், இல்லன்னும் சொல்ல வேணாம். 'ஒனக்கு பயமா இருக்குது, அது எனக்குப் புரியுது'ன்னு சொல்லலாம். 'எப்படி இருந்தா ஒனக்கு சாப்பிட முடியும்?'னு கேக்கலாம்."

அஞ்சலை யோசித்தாள். "பானையிலேர்ந்து அவனே போட்டுக்கட்டும்னு வுடட்டுமா? நானும் அதே பானையில துன்னா?"

"கேட்டுப் பாருங்க."

பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கட்டிய கை. "இதெல்லாம் கேக்க நல்லா இருக்குதுங்க. இல்லாத ஒண்ண இல்லன்னு சொல்லாம வேற எப்படி சொல்றது? நாம அடிச்சி சொன்னாதானே அதுக்கு உறைக்கும்?"

அவர் கோவிந்தசாமி. எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற விவசாயி. மகள் தேன்மொழி பி.காம். படித்து, ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் தன் பெயரைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவள், பிறகு வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் மாதாமாதம் ஊசி போடுகிறார்கள். குரல்கள் குறைந்திருக்கின்றன, முழுதும் போகவில்லை. இப்போது அப்பாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அவர் வீட்டுக்குள் வந்தால் அவள் கொல்லைப் பக்கம் போய்விடுவாளாம்.

"பாசமாத்தாங்க சொல்றேன். 'யாரும் பேசலடி, யாரும் இல்லடி'ன்னு தெனம் சொல்றேன்."

"எப்படிச் சொல்வீங்கன்னு கொஞ்சம் சொல்லிக் காட்டுங்க."

அவர் சொல்லிக் காட்டினார். கீழே நாதஸ்வரக்காரர் ஒரு நொடி தடுமாறினார் என்றே எனக்குத் தோன்றியது.

இந்த இடத்தில் எனக்கும் ஒரு சிக்கல் வந்தது. "மெதுவாகப் பேசுங்கள்" என்று ஈப்போவில் சொல்வதை இங்கே சொன்னேன். அஞ்சலை உடனே கையைத் தூக்கினாள். "மெதுவா பேசுனா அவனப் பத்திதான் குசுகுசுக்கறோம்னு இன்னும் ஜாஸ்தியா கோவப்படுவானே?" அது உண்மைதான். முணுமுணுப்பும் ரகசியமும் இந்த நோய்க்குத் தீனி. கொஞ்ச நேரம் எல்லோருமாகப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். காதுக்குத் தெளிவாக, முகத்தைப் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே விஷயம். சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. அவசரப்படாமல் இருப்பது. சத்தமே இல்லாமல் பேசுவது அந்த ஊருக்கு ஒத்துவராது. அன்பைக்கூட அவர்கள் உரக்கத்தான் சொல்கிறார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் நாற்காலிப் பயிற்சி வைத்தேன். ஒருவர் நடுவில் உட்கார வேண்டும். இரண்டு பேர் இரு பக்கமும் குனிந்து அவர் காதில் நிறுத்தாமல் பேச வேண்டும். இன்னொருவர் எதிரே நின்று சாதாரணக் கேள்விகள் கேட்க வேண்டும். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் கோவிந்தசாமியே துண்டை உதறிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "இதுல இன்னா இருக்குது."

எதிரே நிற்க அஞ்சலை வந்தாள். காதோரம் இரண்டு பெண்கள் ஆரம்பித்தார்கள்.

"எல்லாரும் ஒன்னியேதான் பாக்கறாங்க. பாரு, சிரிக்கறாங்க."

"அவள நம்பாத. அவ ஒன்ன ஏமாத்த வந்திருக்கா. எழுந்து போயிடு, எழுந்து போ."

அஞ்சலை கேட்டாள். "சாப்டியா?"

"ம்... ஆச்சு."

"மோட்டார நிறுத்துனியா? கொட்டாயில மாட்டக் கட்டுனியா?"

அவர் வாயைத் திறந்தார். காதுக்காரிகள் விடவில்லை. அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இன்னா கேட்ட?"

அஞ்சலைக்கு என்ன தோன்றியதோ, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவர் சற்று முன் காட்டிய அதே குரலில் போட்டாள் ஒரு போடு. "கேட்டுக்கினே இருக்கேன், வாயில இன்னா கொழுக்கட்டையா? யாரும் பேசல! யாரும் இல்ல! பதில் சொல்லு!"

கூடம் சிரித்தது. கோவிந்தசாமி சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். காதுக்காரிகளும் நிறுத்திவிட்டார்கள். அவர் எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அஞ்சலையின் முகம் சுருங்கிவிட்டது. "ஜாஸ்தி பண்ணிட்டனா சிஸ்டரு?" சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. சாம்பாரும் உருளைக்கிழங்குப் பொரியலும் நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு இறங்கவில்லை.

மேகலா கீழே தேடிப் போனாள். மண்டபத்து எதிரே கரும்புச் சாறு பிழிகிற வண்டியின் நிழலில் அவர் உட்கார்ந்திருந்தாராம். மத்தியானம் தானாகவே படியேறி வந்தார். கடைசி வரிசைக்குப் போகவில்லை, முன்னாலேயே உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "இந்த ரெண்டு பொம்பளைங்க கொஞ்ச நேரம் பேசுனதுக்கே எனக்கு தல சுத்துது. அதுக்கு தெனமும் இப்படித்தான் இருக்குமா?"

"சில நாள் குறைவா இருக்கும். சில நாள் இதைவிட மோசமா இருக்கும்."

"அது மேல நானும் கத்துறேன்" என்றார். பிறகு மாலை வரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கல்வராயன் மலைக்குப் பயணம். வெள்ளிமலையில், மலை ஊர்க் குடும்பங்களுக்கு ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. காலையில் பேருந்து நிலையத்தில் நானும் மேகலாவும் நின்றிருந்தபோது கோவிந்தசாமி வந்தார். அவருக்குச் சில அடி தள்ளி, துப்பட்டாவைக் காதை மூடிச் சுற்றிக்கொண்டு ஒரு பெண்.

"வூட்டுக்காரி ஒரு சாவுக்குப் போயிருக்கா. பாப்பாவ தனியா வுட முடியல. இன்னொரு கிளாஸ் கேட்டா எனக்கும் நல்லதுன்னு இட்டாந்துட்டேன்."

தேன்மொழியிடம் என் பெயரைச் சொன்னேன். அவள் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

பேருந்தில் கோழி ஏறியது, அரிசி மூட்டை ஏறியது, ஒரு மெத்தையும் ஏறியது. கச்சிராயபாளையம் வரை சமவெளி, வழியெல்லாம் கரும்புத் தோட்டம். கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை மேலே எழும்பத் தொடங்கியது. காற்று மாறியது. எங்கள் கேமரன் மலைக்கு ஏறும் பாதை ஞாபகம் வந்தது. அங்கே தேயிலையும் சுற்றுலாக் கூட்டமும், இங்கே மரவள்ளியும் ஆளரவமற்ற காடும். வளைவுக்கு வளைவு மெத்தைக்காரர் மெத்தையோடு என் மேல் சாய்ந்தார். மெத்தைதானே, பரவாயில்லை என்று நானும் சாய்ந்துகொண்டேன்.

பாதி மலையில் 'டப்' என்றது. பின்சக்கரம் போய்விட்டது.

எல்லோரும் இறங்கினோம். ஆண்கள் பீடி பற்றவைத்து டிரைவருக்கு யோசனை சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். இந்தச் சந்தடியில் தேன்மொழி நடந்துபோய், வளைவில் இருந்த சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றுகொண்டதை நான் கவனிக்கவில்லை. சக்கரம் மாற்றி முடிந்து, டிரைவர் ஹாரனை அழுத்தி, எல்லோரும் ஏறியபோதுதான் பார்த்தேன். சுவர் முழங்கால் உயரம்தான். அதற்கு அப்பால் பள்ளம். கீழே மரங்களின் தலைகள் தெரிந்தன.

"நான் ஏற மாட்டேன்" என்றாள். "அந்த பஸ்ஸுல எம் பேர சொல்லிக்கினே இருக்காங்க."

கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார். ஜன்னல்களில் தலைகள் முளைத்தன.

"ஏம்மா, ஒன் பேரு எவனுக்குத் தெரியும்? ஏறு, நேரமாவுது!"

"புடிச்சித் தூக்கி உள்ள போடுங்கய்யா!"

"கோயிலுக்கு இட்டுனு போவணும் இத."

ஒவ்வொரு குரலுக்கும் அவள் தோள் ஒடுங்கியது. எத்தனையோ வருஷம் இந்த வேலை பார்த்தவள் நான். மெல்ல அவளை நோக்கி நடந்தேன். அவள் கால் ஓர் அடி பின்னால் போனது. முழங்காலின் பின்பக்கம் சுவரில் முட்டியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். நான் அவளுக்கு இன்று காலைவரை யாரென்றே தெரியாதவள். இன்னும் ஓர் அடி எடுத்துவைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அப்போது என் பின்னாலிருந்து, "பாப்..." என்று ஒரு வெடிச்சத்தம் கிளம்பி, பாதியில் நின்றது. கோவிந்தசாமி தன் குரலைத் தானே விழுங்கியிருந்தார். அவர் பேருந்துப் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார். "கொஞ்சம் சும்மா இருங்கய்யா. ஹாரன் வேணாம். கும்புடறேன்." என்ன காரணமோ, அத்தனை தலையும் அடங்கிவிட்டது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

கோவிந்தசாமி மகளை நோக்கிப் போகவில்லை. நின்ற இடத்திலேயே, அந்த வெள்ளை வேட்டியோடு, தார்ச் சாலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவளைவிடத் தாழ்வாக.

"பாப்பா."

அவர் காத்திருந்தார். அந்த மனிதர் காத்திருப்பதை நான் அப்போதுதான் முதன்முறை பார்த்தேன்.

"ஒனக்கு கேக்குது. எனக்கு கேக்கல" என்றார். "ஆனா ஒனக்கு கேக்குதுன்றது எனக்குத் தெரியுது."

காற்றில் அவள் துப்பட்டா அலைந்தது.

"பயமா இருக்குதா?"

அவள் தலை ஆமாம் என்று ஆடியது.

"எனக்கும் பயமா இருக்குது. நீ சொவுத்து ஓரமா நிக்கிற. கொஞ்சம் இந்தாண்ட வரியா? பஸ்ஸுல ஏறச் சொல்ல மாட்டேன்."

"ஏறச் சொல்ல மாட்டல்ல?"

"மாட்டேன். அது போவட்டும்."

அவள் சுவரை விட்டு நகர்ந்தாள். ஓர் அடி. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு அப்பாவுக்குக் கைக்கெட்டாத தூரத்தில் அவளும் சாலையில் உட்கார்ந்துவிட்டாள். மாதக்கணக்கில் அப்பாவிடம் பேசாதவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அந்தக் கேள்வி. அவர் முகம் கோணியது. துண்டால் வாயைத் துடைப்பது போல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேகலா பேருந்தோடு போனாள், அங்கே ஜனங்கள் காத்திருப்பார்களே. எங்கள் மூவரையும் விட்டுவிட்டுப் பேருந்து அடுத்த வளைவில் மறைந்தது. போகும்போது டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு மினி லாரி வந்தது. மலை மேலே நடக்கும் கல்யாணத்துக்கு வாடகைப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் பெரிய பெரிய அண்டாக்களும் ஏற்றிக்கொண்டு முனகியபடி ஏறியது. கோவிந்தசாமி எழுந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதுல யாராச்சும் பேசறாங்களாப்பா?" என்று தேன்மொழி கேட்டாள்.

இல்லை என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்ததைப் பார்த்தேன். "எனக்குத் தெரில. நீயே பாத்து சொல்லு" என்றார்.

அவள் லாரியைச் சுற்றி வந்தாள். அண்டாக்களை எட்டிப் பார்த்தாள். டிரைவர் என்னைப் பார்த்து, இது என்ன என்று கண்ணால் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். "இதுல போலாம்" என்றாள்.

இப்படித்தான் நான் கல்வராயன் மலைக்குள் நுழைந்தேன், கல்யாண நாற்காலியில் உட்கார்ந்தபடி. இரண்டு நாற்காலியை அடுக்கிலிருந்து பிரித்து எனக்கும் தேன்மொழிக்கும் போட்டார் கோவிந்தசாமி. அவர் ஓர் அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வளைவுகளில் அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதிக் கணகணவென்றன. நான் இரண்டு முறை நாற்காலியோடு சறுக்கிப் பின்கதவு வரை போய்த் திரும்பி வந்தேன். இரண்டாவது முறை தேன்மொழி பல் தெரியச் சிரித்தாள்.

மேலே ஏற ஏற வெயில் இளகியது. ஒரு மேட்டில் லாரி வேகம் குறைந்து சத்தம் அடங்கியபோது அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"நீ கத்துனா ஒன் கொரலும் அதுங்களோட சேந்து ஒரே எரைச்சலா இருக்கும்ப்பா. எது நீ, எது அதுன்னு தெரியாது. இப்போ ஒன் கொரல் தனியா கேட்டுது."

அவர் அண்டாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக நான் வகுப்பு எடுத்த விஷயம்தான். ஆனால் அதை நோயின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

வெள்ளிமலையில் எங்களுக்காகச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் மூடி வைத்திருந்தார்கள். சாமை அரிசி குருணை மாதிரி இருக்கும், பிசைந்தால் குழம்பை அப்படியே குடித்துவிடும். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். தேன்மொழி கூடத்துக்குள் வரவில்லை. வாசலில், வேலியோரம் ஓர் ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டு இருந்தாள். கூட்டம் ஜாஸ்தியாக இருந்தால் அவளுக்கு வெளியேதான் நிம்மதி. யாரும் உள்ளே வா என்று வற்புறுத்தவில்லை.

கூட்டத்தில் மலை ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். "கத்தாம பேசுனா சீக்கு போயிடுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தசாமி எழுந்துவிட்டார்.

"போவாதுங்க. ஊசி மாத்திரை போட்டுத்தான் ஆவணும், ஆஸ்பத்திரிக்கு வரணும். ஆனா நம்மகிட்ட பேசும்ங்க. நம்மகிட்ட பேசுனாத்தானே நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூப்ட்டா வரும்?" சொல்லிவிட்டு, தான் கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டோமோ என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் ஈப்போவுக்குக் கிளம்பினேன். மேகலா கட்டிக்கொடுத்த மலைத்தேன் புட்டி விமானத்தில் கசிந்து என் இரண்டு புடவைகள் ஒட்டிக்கொண்டன. துவைத்தும் போகவில்லை.

சில மாதம் கழித்து மேகலா தகவல் சொன்னாள். அஞ்சலையின் புருஷன் பானையிலிருந்து தானே போட்டுச் சாப்பிடுகிறானாம். சில நாள் அதுவும் மாட்டேன் என்கிறானாம். அன்றைக்கு அவள் வாழைப்பழத்தை உரிக்காமல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுகிறாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவிந்தசாமியே வீடியோவில் கூப்பிட்டார். கைபேசியை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் முதலில் தன் காதைக் காட்டினார்.

"போன வாரம் நல்லா இல்லீங்க. ரெண்டு நாளு ரூமை வுட்டு வெளிய வரல. நானும் பொறுமை இல்லாம ஒரு தடவ கத்திட்டேன். அப்பால போயி, தப்பு என்னுதுதான்னு சொன்னேன். நேத்துலேர்ந்து பரவால்ல. இருங்க, பாப்பாகிட்ட தரேன்."

தேன்மொழி முகம் வந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தாள். அங்கே மழையா என்று கேட்டாள். ஆமாம், விடாத மழை, துணி காயவில்லை என்றேன். இங்கே வெயில் கொளுத்துகிறது என்றாள். பக்கத்து ஊர் மளிகைக் கடையில் சாயங்காலம் மட்டும் கணக்கு எழுத வரச் சொல்லியிருக்கிறார்கள், போகலாமா வேணாமா என்று யோசிக்கிறாளாம். யோசிக்கட்டும், அவசரமில்லை என்றேன்.

"இருங்க சிஸ்டரு, அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

கைபேசியை எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது ஓர் ஓட்டுக் கூரையும் ஒரு மின்விசிறியும்தான். பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது.

"யப்பா, பக்கத்துலியே நின்னுக்கினு பாக்கக் கூடாதா?"

"நான் போனப் பாத்துக்கினு இருந்தேன் பாப்பா."

"டீத்தூள் எங்க?"

"மேல் பலகையில."

"காணோம்."

"நீலக் கலர் டப்பா."

"அது மொளகாத்தூளு."

"அப்ப பச்ச டப்பா."

"பச்ச டப்பாவே நம்ம வூட்டுல கெடையாது."

அப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் வந்தது. நான் ஒருத்தி தொலைபேசியில் இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள். என் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. இணைப்பைத் துண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த விசிறியைப் பார்த்தபடி, டீத்தூள் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.